இரண்டாம் முறை வருவதற்குள்



மட்டாஞ்சேரிக் கடைத்தெருத் தமிழர்கள் கூடும் இந்த அறக்கட்டளை மேடையில் இலக்கியம் பேசுவதுதான் வழக்கம். சிலப்பதிகாரத்தில் ஏதேனும் ஒரு பகுதியைப் பேசும்படிதான் எனக்கும் கடிதம் வந்தது. வழக்குரை காதையை எடுத்துக்கொள்ளலாம் என்று குறிப்பெடுக்க உட்கார்ந்தேன். கொடுங்கல்லூர் இங்கிருந்து எட்டிவிடும் தூரம். அங்கே குடிகொண்டிருப்பவள் கண்ணகிதான் என்று நம்புகிறவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். கண்ணகிக்கு ஒரு நாளில் தீர்ப்புக் கிடைத்தது. அரசன் கேட்டான், தவறு தெரிந்தது, அவன் உயிரோடு இருக்கவில்லை. அந்த வரிகளில் கை நின்றுவிட்டது. நீதி கேட்டு ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும் இன்னொரு தமிழ்ப் பெண் இதே கேரளத்தின் மலையில் இருக்கிறாள். அவளுடைய மகனைப் பற்றிப் பேச அனுமதி கேட்டு எழுதினேன். அறக்கட்டளையார் மறுவார்த்தை சொல்லாமல் இசைந்தார்கள்.

மூணாறிலிருந்து மேலே போய்ப் பாம்பாடும் சோலையைக் கடந்தால் வட்டவடை. படிப்படியாக வெட்டிய மலைச்சரிவில் கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், பூண்டு. காந்தளூர் வட்டவடைப் பூண்டு புவிசார் குறியீடு பெற்றது, மளிகைக்காரர்களான உங்களுக்குத் தெரியாததில்லை. அந்த ஊர்களில் வீட்டுமொழி தமிழ். அரசு அலுவலகத்தில் மலையாளம். அங்கே விளைந்த காய் லாரியேறி இரவோடிரவாக மலையிறங்குகிறது. கொச்சியில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலைதான் மூணாறு, தேனி, மதுரை வழியாகத் தொண்டிக்குப் போய்ச் சேருகிறது என்பதை நினைத்தால், வட்டவடைக்காரனுக்குக் கொச்சி அயலூர் ஆகாது. ஒரே சாலையின் கீழ்முனை.

2018 ஜூலை 1, ஞாயிற்றுக்கிழமை. காய்கறி ஏற்றிவந்த லாரி ஒன்றில் அபிமன்யு என்ற 20 வயதுப் பையன் எர்ணாகுளத்துக்கு வந்தான். அவன் என்று ஒருமையில் சொல்வதைப் பொறுத்தருள வேண்டும். என் மாணவர்களை நான் வேறுவிதமாகச் சொன்னதில்லை. மகாராஜாஸ் கல்லூரியில் வேதியியல் இரண்டாமாண்டு. அப்பா அம்மா தோட்டக் கூலி. ஒற்றை அறை வீடு. படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் வேண்டி இங்கே கிடைத்த வேலையெல்லாம் பார்த்தான். மார்க்சிஸ்ட் கட்சியின் மாணவர் அமைப்பான எஸ்.எஃப்.ஐ.யில் இடுக்கி மாவட்டக் குழு உறுப்பினன். மறுநாள் திங்கட்கிழமை முதலாண்டு மாணவர்கள் கல்லூரிக்குள் காலெடுத்து வைக்கும் நாள். அவர்களை வரவேற்க வேண்டும் என்றுதான் அந்த இரவே வந்து சேர்ந்தான்.

தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் நண்பர்களுக்குக் கேரளக் கல்லூரிச் சுவர் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இங்கே சுவரெழுத்து ஒரு கலை, ஒரு உரிமை, பல சமயங்களில் ஒரு எல்லைக்கல். கல்லூரி திறப்பதற்கு நாட்கள் இருக்கும்போதே சுண்ணாம்படித்து, அமைப்பின் பெயரையும் ஆண்டையும் போட்டு ‘புக்டு’ என்று எழுதிவிடுவார்கள். எழுதிவிட்டால் அந்தச் சுவர் அவர்களுடையது. புதிதாக வருகிற பிள்ளையின் கண்ணில் முதலில் படும் எழுத்து யாருடையது என்பதில் இத்தனை போட்டி. அன்று இரவு எஸ்.எஃப்.ஐ. பிடித்து வைத்திருந்த சுவரில் கேம்பஸ் ஃபிரன்ட் என்ற இன்னொரு மாணவர் அமைப்பினர் எழுதினார்கள். அதன் மேல் ‘வர்கீயத துலையட்டே’ என்ற சொற்கள் ஏறின. மதவெறி ஒழியட்டும் என்று பொருள். வாய்த்தகராறு மூண்டது. வந்தவர்கள் போய்விட்டார்கள். போனவர்கள் ஆள் திரட்டிக்கொண்டு மறுபடியும் வந்தார்கள் என்பது காவல்துறையின் வழக்கு. திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரிக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் என்றும் அது சொல்கிறது. நள்ளிரவு கடந்து, ஜூலை 2 பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாதபோது, அபிமன்யுவின் நெஞ்சில் கத்தி இறங்கியது. இன்னொரு மாணவரும் குத்துப்பட்டார், அவர் பிழைத்துக்கொண்டார். அரசுப் பொது மருத்துவமனை கல்லூரிக்குக் கூப்பிடு தூரம்தான். அந்தத் தூரத்தைக் கடப்பதற்குள் அபிமன்யுவின் உயிர் போய்விட்டது.

அவனைப் பார்க்க அம்மா மலையிலிருந்து இறங்கி வந்தார். “நான் பெத்த மகனே” என்று அவர் கதறியதைக் கேரளம் முழுதும் கேட்டது.  பத்திரிகைகள் அந்தத் தமிழை அப்படியே மலையாள எழுத்தில் அச்சிட்டன. மறு ஆண்டு அவனைப் பற்றி எடுத்த மலையாளப் படத்துக்கும் ‘நான் பெத்த மகன்’ என்றே பெயர். நம் ஒப்பாரியின் ஒரு விளி இன்னொரு மொழிக்குள் போய்த் தங்கிவிட்டது. தமிழ் படித்தவன் என்ற முறையில் இதைச் சொல்லும்போது எனக்கு எந்தப் பெருமையும் இல்லை. ஒரு மொழிக்குள் நம் சொல் போய்ச் சேர இப்படி ஒரு வழி அமைந்திருக்க வேண்டாம்.

இங்கே சைமன் பிரிட்டோவைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. 1983 அக்டோபர் 14. பிரிட்டோ அப்போது எர்ணாகுளத்தில் மாணவர் தலைவர். மகாராஜாஸ் கல்லூரி மோதலில் காயம்பட்டவர்களைப் பார்க்க அதே பொது மருத்துவமனைக்குப் போனவரை அங்கேயே கத்தியால் குத்தினார்கள். உயிர் மிஞ்சியது, இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அதன்பின் 35 ஆண்டுகள் சக்கர நாற்காலியில் வாழ்ந்தார், நாவல் எழுதினார், 2006 முதல் 2011 வரை சட்டமன்றத்தில் நியமன உறுப்பினராக இருந்தார், அந்த உடலோடு இந்தியாவைச் சுற்றி வந்தார். அந்தப் பயணங்களைப் புத்தகமாக்க முனைந்தபோது அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்த இளைஞர்களில் அபிமன்யுவும் ஒருவன். அந்த வீட்டில் பிள்ளை போல இருந்தான். கத்தியால் குத்துப்பட்டு நாற்காலியில் அமர்ந்த ஒரு தலைமுறைக்குக் கையாக இருந்த பையன், அதே நகரத்தில், அதே மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்தான். பிரிட்டோ அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று காலமானார். மகனை இழந்த பின் அவர் ஆறு மாதமே இருந்தார்.

1983க்கும் 2018க்கும் இடையே எத்தனை கல்லூரி முதல்வர்கள், எத்தனை காவல் ஆணையர்கள், எத்தனை அமைச்சரவைகள்! அந்த 35 ஆண்டில், இரவில் மாணவர் இரு தரப்பாக முறைத்துக்கொண்டால் யாரை எழுப்ப வேண்டும், எழுப்பப்பட்டவர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு நடைமுறை ஊன்றியிருக்க வேண்டாமா? நான் இன்று கேட்க வந்தது அந்த ஒரே கேள்விதான். முதல் வாய்த்தகராறுக்கும் கத்திக்கும் நடுவே ஓர் இடைவேளை இருந்தது. வந்தவர்கள் போய், மறுபடி வருவதற்குள் இருந்த நேரம். உயிர்கள் போவதும் மிஞ்சுவதும் அந்த நேரத்தில்தான். நம் கல்லூரிகளில் அந்த நேரத்துக்குப் பொறுப்பான ஆள் என்று ஒருவரும் இல்லை.

கொலை என்றால் திடீரென்று நடப்பது என்ற எண்ணம் நமக்கு. கல்லூரிகளில் நேர்ந்த சாவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள், திடீர் என்பது அநேகமாக ஒன்றிலும் இல்லை. 

வயநாட்டில் பூக்கோடு கால்நடைப் பல்கலைக்கழக மாணவர் சித்தார்த்தன் 2024 பிப்ரவரி 18 அன்று விடுதியில் இறந்து கிடந்தார். அதற்கு முந்தைய நாட்களில் அதே விடுதிக்குள் அவரை வதைத்தார்கள் என்பது விசாரணையில் வந்தது. நாட்கள்! மணிக்கணக்கு இல்லை, நாட்கள். விடுதி நிறைய மாணவர்கள் இருந்தார்கள். துணைவேந்தரை ஆளுநர் இடைநீக்கம் செய்தார், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. எல்லாம் பிற்பாடு.

இந்தக் கொச்சியிலேயே களமசேரியில், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், 2023 நவம்பர் 25 மாலை இசை நிகழ்ச்சிக்குக் காத்திருந்த கூட்டம் மழைக்கு ஒதுங்க ஒரே வாசலில் முண்டியடித்தது. படிக்கட்டில் விழுந்து மிதிபட்டு நான்கு இளம் உயிர்கள் போயின. அங்கே கத்தி இல்லை, பகை இல்லை. ஆனால் போலீஸ் பாதுகாப்பு வேண்டும் என்று பொறியியல் பள்ளியின் முதல்வர் பதிவாளருக்கு எழுதிய கடிதம் அதற்குச் சில நாள் முன்பே போயிருந்தது என்று பின்னால் தெரியவந்தது. கடிதம் எழுதப்பட்டது, காவலர் வரவில்லை. மேசைக்கும் மேசைக்கும் நடுவில் இருந்த அந்தச் சில நாட்களும் நான் சொல்லும் இடைவேளைதான்.

தமிழ்நாட்டை மட்டும் விட்டுவிட முடியுமா? 2008 நவம்பர் 12 அன்று சென்னை டாக்டர் அம்பேத்கர் சட்டக் கல்லூரியில் மாணவர்கள் தடியும் கத்தியுமாக ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டதைத் தொலைக்காட்சியில் வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தோம். கீழே விழுந்து அசைவற்றுக் கிடந்தவனை மேலும் அடித்தார்கள். வாசலில் போலீஸ் நின்றது. கல்லூரி முதல்வர் எழுத்தில் கேட்கவில்லை, அதனால் உள்ளே போகவில்லை என்றார்கள். அந்தப் பகை ஒரு சுவரொட்டியில் தொடங்கியது. அம்பேத்கரின் பெயர் விடுபட்ட சுவரொட்டி. ஒட்டிய நாளுக்கும் அடித்த நாளுக்கும் நடுவே நாட்கள் இருந்தன. பிறகு அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. கடைசியில் 2018இல் கல்லூரியையே இரண்டாகப் பிரித்துப் பட்டறைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் அனுப்பிவிட்டார்கள். உயர்நீதிமன்றத்தின் நிழலில், மின்சார ரயிலும் பேருந்தும் வந்து நிற்கும் இடத்தில் படித்த ஏழைப் பிள்ளைகள் நகரத்துக்கு வெளியே போனார்கள். பாதுகாப்பு என்ற பெயரில் இப்படி ஊரைவிட்டு அனுப்பியதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. மாலையில் நீதிமன்றக் கூடத்தில் வாதம் கேட்டு வளர வேண்டிய சட்ட மாணவனுக்கு நகரமே பாடநூல்.

கடல் கடந்தும் அதே இடைவேளைதான். அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 2007 ஏப்ரல் 16 அன்று 32 பேரைச் சுட்டுக் கொன்றான் ஒரு மாணவன். இறந்தவர்களில் ஜி. வி. லோகநாதன் என்ற நீரியல் பேராசிரியர் நம் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது சுடப்பட்டார். காலை 7 மணி கடந்து சற்று நேரத்தில் மாணவர் விடுதியில் இரண்டு பேர் கொல்லப்பட்டுவிட்டார்கள். வளாகத்தாருக்கு எச்சரிக்கை மின்னஞ்சல் போனது 9.26க்கு. வகுப்பறைக் கட்டடத்தில் சுடத் தொடங்கியது அதற்குச் சில நிமிடம் கழித்து. இரண்டு மணி நேரத்துக்கும் மேல்! காலையில் ஒரு குறுஞ்செய்தி போயிருந்தால் கொங்குநாட்டு ஆசிரியர் ஒருவர் அன்று வகுப்புக்குப் போகாமல் வீட்டில் இருந்திருக்கலாம். தாமதமான அந்த எச்சரிக்கைக்காகப் பல்கலைக்கழகத்துக்கு அபராதம் விதித்தது அந்நாட்டுக் கல்வித் துறை.

அபராதம் விதிக்க ஒரு சட்டம் இருந்தது. அந்தச் சட்டம் வந்த கதையும் ஒரு மாணவியின் சாவுதான். ஜீன் கிளெரி, 19 வயது, 1986 ஏப்ரல் 5 அன்று லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் கொல்லப்பட்டாள். தானே பூட்டிக்கொள்ளும் கதவுகளுக்கு இடையில் தோழர்கள் வந்துபோக வசதியாக பீட்சா அட்டைப்பெட்டியைச் செருகி வைத்திருந்தார்கள். அந்த விடுதியில் கதவு இப்படித் திறந்து கிடக்கிறது என்று அதற்கு முந்தைய நான்கு மாதத்தில் 181 முறை புகார் பதிவாகியிருந்தது. பதிவாகி என்ன பயன், பெற்றோருக்கோ மாணவிகளுக்கோ ஒருவரும் சொல்லவில்லை. கிளெரியின் பெற்றோர் அந்தத் துக்கத்தோடு வாசல் வாசலாக ஏறி இறங்கினார்கள். 1990இல் சட்டம் வந்தது. வளாகக் குற்றங்களை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். யாரும் வந்து பார்க்கும்படி தினக்குறிப்பேடு வைக்க வேண்டும். ஆபத்து என்றால் உடனே அறிவிக்க வேண்டும். அந்த நாட்டில் துப்பாக்கி ஒழியவில்லை, கொலையும் ஒழியவில்லை. ஆனால் மறைத்தால் கேள்வி கேட்க ஓர் ஏடு இருக்கிறது.

நம்மிடமும் அப்படி ஒரு தந்தை இருந்தார். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் மகன் பொன் நாவரசு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர், 1996 நவம்பர் 6 அன்று கொல்லப்பட்டார். தமிழ்நாட்டில் 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது அந்த இளைஞனின் உடல்மேல்தான். மறு ஆண்டே கேரளமும் ஒரு சட்டம் செய்தது. வழக்கோ அலைந்தது: கீழ்நீதிமன்றம் தண்டித்தது, உயர்நீதிமன்றம் விடுவித்தது, உச்சநீதிமன்றம் 2011இல் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. துணைவேந்தர் வீட்டுக்கே 14 ஆண்டுக்கு மேல் ஆயிற்று என்றால் தோட்டக் கூலி வீட்டுக்கு எத்தனை ஆண்டு?

அபிமன்யு வழக்கில் 2018 செப்டம்பரிலேயே குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது. விசாரணை ஆண்டுக்கணக்கில் நகரவில்லை. 2024இல் கேரளம் திகைக்கும் ஒரு செய்தி வந்தது. குற்றப்பத்திரிகை, உடற்கூறாய்வு அறிக்கை உள்ளிட்ட ஆவணங்கள் எர்ணாகுளம் நீதிமன்றத்திலிருந்து காணாமற்போய்விட்டன. நகல்களைக் கொண்டு மறுபடி உருவாக்கினார்கள். கண்ணகிக்குச் சிலம்பாவது கையில் இருந்தது. இந்தத் தாயின் வழக்கில் சிலம்பே தொலைந்தது. அவர் உயர்நீதிமன்றத்துக்குப் போனார். காலவரம்புக்குள் விசாரணையை முடிக்கும்படி உயர்நீதிமன்றம் சொன்னது. இந்தக் காலதாமதத்தை ஒரு வழக்கோடு ஒப்பிட வேண்டும். 2024 டிசம்பர் 23 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமையில், குற்றவாளிக்கு 2025 ஜூன் 2 அன்று ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆறு மாதம்கூட ஆகவில்லை. அந்த மாணவி துணிந்து புகார் கொடுத்ததும், முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்து அவளை மேலும் துன்புறுத்தியதும் தனிக் கதை. முடியும் என்பதற்கு அந்த வழக்கு சாட்சி. மனம் வைத்தால் முடியும்.

அபிமன்யு பெயரில் எதுவும் நடக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். மார்க்சிஸ்ட் கட்சி நிதி திரட்டி அந்தக் குடும்பத்துக்கு வீடு கட்டிக் கொடுத்தது. சகோதரியின் திருமணத்தை முன்னின்று நடத்தியது. ஊரில் நூலகம் வேண்டும் என்பது அவன் ஆசை. கேரளத்தின் மூலைமுடுக்கிலிருந்து பல்லாயிரம் நூல்கள் வட்டவடைக்குப் போய்ச் சேர்ந்து 2019இல் அவன் பெயரால் நூலகம் எழுந்தது. கேம்பஸ் ஃபிரன்டும் அதன் தாய் அமைப்பான பாப்புலர் ஃபிரன்டும் 2022 செப்டம்பரில் மத்திய அரசால் தடைசெய்யப்பட்டன. உயிர்விட்டவர்களை நினைவில் வைப்பதில் இந்த மண்ணுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1953 செப்டம்பர் 15 அன்று, துறைமுகத்தில் சாப்பா முறையை எதிர்த்து நின்று இதே மட்டாஞ்சேரியில் உயிர்விட்ட மூன்று தொழிலாளிகளின் பெயரை இங்கே குழந்தையும் சொல்லும். ஆனால் அந்தச் சாவுக்குப் பிறகு, வில்லையை வீசியெறிந்து கூலிக்காரனைப் பொறுக்கவைத்த சாப்பா முறையே ஒழிந்தது. அபிமன்யுவுக்குப் பிறகு எந்த முறை ஒழிந்தது, எந்த முறை வந்தது? 2022 ஜனவரி 10 அன்று அவனுடைய இடுக்கி மாவட்டத்திலேயே அரசுப் பொறியியல் கல்லூரித் தேர்தல் நாளில் தீரஜ் என்ற மாணவர் குத்திக் கொல்லப்பட்டார். 2024 ஜனவரியில் அதே மகாராஜாஸ் கல்லூரியில், மறுபடியும் இரவு வேளையில், ஒரு மாணவர் தலைவருக்குக் கத்திக்குத்து. கல்லூரியைச் சில நாள் மூடினார்கள், திறந்தார்கள்.

அரசியலே வேண்டாம், அதை வெளியே தள்ளுங்கள் என்று சொல்பவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். கேரள உயர்நீதிமன்றம் 2003இலிருந்து பலமுறை அப்படிச் சொல்லிவிட்டது. 2020இல் வளாகத்துக்குள் முற்றுகையும் மறியலும் கூடாது என்றது. எனக்கு உடன்பாடில்லை. ஒற்றை அறை வீட்டிலிருந்து வந்த தமிழ்ப் பையன் ஆயிரம் பேர் முன்னால் நின்று மலையாளத்தில் பேசக் கற்றது ஓர் அமைப்புக்குள்தான். அதை அடைத்துவிட்டால் அந்த வாசல் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே திறக்கும். அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2019 ஜூலையில் திருவனந்தபுரம் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஒரு மாணவரை அவருடைய அமைப்பின் கிளைத் தலைவர்களே நெஞ்சில் குத்தினார்கள். அந்த அமைப்பு எஸ்.எஃப்.ஐ. ஒரு வளாகம் ஒரே கொடியின் கீழ் முழுதாக அடங்கிக் கிடந்தால் அங்கே ஆசிரியருக்கும் வாய் இருக்காது, மாணவருக்கும் புகார் சொல்ல இடம் இருக்காது. அபிமன்யுவை நேசிப்பவர்கள் இதைக் கேட்கத் தயாராக இருக்க வேண்டும்.

இனி என்னைப் பற்றி. நான் தமிழ்நாட்டில் ஒரு கல்லூரி விடுதியில் சில ஆண்டுகள் துணைக் காப்பாளராக இருந்தேன். ஒரு சனிக்கிழமை மாலை முதலாண்டுப் பையன் ஒருவன் அறைக்கு வந்து வாசலிலேயே நின்றான். “ஐயா, என்னைய அடிக்கப் போறாங்கன்னு பேசிக்கிறாங்க” என்றான். யார் என்று கேட்டேன். சொல்லத் தயங்கினான். “அதெல்லாம் ஒண்ணும் நடக்காது, போய்ப் படிப்பா” என்று அனுப்பிவிட்டேன். எழுதி வைக்கவில்லை. காவலாளியிடம் சொல்லவில்லை. முதல்வருக்குத் தொலைபேசியும் செய்யவில்லை. திங்கட்கிழமை இரவு அவனை அடித்தார்கள். ஒரு கண்ணில் பார்வை போயிற்று. படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போனான். மருத்துவமனையில் பார்த்தபோது அவன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க இருக்கீங்கன்னுதான் சாமி விட்டுட்டுப் போனேன்” என்றார். அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். சனி மாலைக்கும் திங்கள் இரவுக்கும் நடுவே எனக்கு இரண்டு முழு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளைத்தான் இந்த மேடையில் இத்தனை நேரம் பல ஊர்ப் பெயரில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆகவே நான் கேட்பதெல்லாம் என் மேசையில் அன்று இருந்திருக்க வேண்டியவை. ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு குறிப்பேடு. யார் யாரை மிரட்டினார், எந்தச் சுவரில் என்ன எழுத்தின் மேல் என்ன எழுத்து ஏறியது, எந்த வாசல் பூட்டாமல் கிடந்தது என்று தேதி நேரத்தோடு எழுதும் ஏடு. புகார் சொன்னவன் பெயர் வெளியே போகக் கூடாது. நிகழ்ந்தது வெளியே தெரிய வேண்டும். ஆண்டு முடிந்ததும் அந்தக் கணக்கைச் சேர்க்கை விண்ணப்பத்தோடு அச்சிட்டுக் கொடுங்கள். தேர்ச்சி விகிதத்தை அச்சிடுகிறோம், தரச் சான்றை வாசலில் பலகையாக மாட்டுகிறோம். பெற்றவன் முதலில் அறிய விரும்புவது வேறு. இரவுக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும், சம்பளத்தோடு, அதிகாரத்தோடு. இரண்டு தரப்பு முறைத்துக்கொண்டு பிரிந்த அடுத்த நிமிடம் அவர் கையில் காவல் நிலையத்தின் தொலைபேசி எண் இருக்க வேண்டும். போலீஸ் உள்ளே வர முதல்வரின் எழுத்து வேண்டுமென்றால், அந்த எழுத்தை எந்த நேரத்தில் யார் கொடுப்பது என்று ஜூன் மாதத்திலேயே முடிவாகியிருக்க வேண்டும். மாணவர் அமைப்புகளும் தங்களுக்குள் ஒன்று செய்யலாம். சுவரைக் குலுக்கல் முறையில் பங்கிட்டுக்கொள்ளுங்கள். சிறிய காரியமாகத் தோன்றும். ஓர் உயிர் போனது அந்தச் சுவருக்காகத்தான்.

கண்காணிப்புக் கேமரா வைப்போம், அடையாள அட்டை போடுவோம், வாசலில் ஆள் நிறுத்துவோம் என்கிறார்கள். வையுங்கள். கேமரா நடந்ததைக் காட்டும். என் அறை வாசலில் நின்று தயங்கிய பையனின் முகத்தை எந்தக் கேமராவும் எனக்குக் காட்டியிருக்காது.

மலையிலிருந்தும் கடலோரத்திலிருந்தும் நகரத்துக்குப் படிக்க வருகிற முதல் தலைமுறைப் பிள்ளைகளைப் பற்றி ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். உள்ளூர்ப் பிள்ளைக்குச் சண்டை என்றால் வீட்டுக்குப் போய்விட வழி இருக்கிறது. மாமா வீடு, அத்தை வீடு இருக்கிறது. வட்டவடைப் பையனுக்கு அந்த இரவில் கல்லூரியைத் தவிரப் போக இடமில்லை. இந்தத் தெருவில் ஐம்பது தமிழ்க் குடும்பமாவது இருப்பீர்கள். எர்ணாகுளத்தில் படிக்க வரும் மலைப்பிள்ளைகளில் ஆளுக்கொருவரை உங்கள் வீட்டு விலாசத்தில் எழுதிக்கொள்ளுங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். நள்ளிரவில் கதவைத் தட்ட ஒரு வீடு. ‘என்னப்பா, சாப்பிட்டியா’ என்று கேட்க ஓர் அம்மா.

இந்தச் சொற்பொழிவுக்காக அறக்கட்டளையார் எனக்கென ஒதுக்கிய தொகைக்குத் தமிழ் நூல்கள் வாங்கித் தரும்படி கேட்டிருந்தேன். வாங்கிவிட்டார்கள், அதோ வாசலருகே நான்கு பெட்டிகளில் இருக்கின்றன. பள்ளி வேதியியல் நூல்களும் அதில் உண்டு. வட்டவடைக் காய் ஏற்றிவரும் லாரிகள் சந்தையில் இறக்கிவிட்டு விடிவதற்குள் காலியாகத்தான் திரும்பும் என்று இங்கே ஒரு வியாபாரி நண்பர் சொன்னார். நாளை அதிகாலை அதில் ஒன்றில் ஏற்றிவிட ஏற்பாடாகியிருக்கிறது. கூட்டம் முடிந்ததும் இளைஞர்கள் நான்கு பேர் பெட்டிகளைத் தூக்கிவர உதவ வேண்டும்.